படிக்கிணறும் நரம்புச் சிலந்தியும்

 

இன்றைய பேச்சு தண்ணீரைப் பற்றியது. "தண்ணீரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தினமும் குடிக்கிறோம், குளிக்கிறோம், அவ்வளவுதானே?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு குடம் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வருகிற வழியில் இதில் யார் கால், யார் கை பட்டது?

இந்த இரண்டு கேள்வியையும் மக்கள் கேட்டார்கள். அதனால் ஒரு நோய் நம் நாட்டை விட்டே போனது. பெரியம்மைக்குத் தடுப்பு ஊசி இருந்தது. இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து இருந்தது. இந்த நோய்க்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அப்படி இருந்தும் போனது. எப்படிப் போனது? அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

நோயின் பெயர்

அந்த நோயின் பெயர் நரம்புச் சிலந்தி. வயதானவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். முன்பு தமிழ்நாட்டிலும் இது இருந்தது. ராஜஸ்தானில் இதை "நாரு" என்றார்கள்.

பெயரில் நரம்பு இருக்கிறது. ஆனால் அது நரம்பு அல்ல. பெயரில் சிலந்தி இருக்கிறது. ஆனால் அது சிலந்திப் பூச்சியும் அல்ல. அது ஒரு புழு. வெள்ளை நூல் போல மெல்லியதாக இருக்கும். நீளம் இரண்டு அடி முதல் மூன்று அடி வரை இருக்கும். மனிதர் உடம்புக்குள் ஒரு வருடம் வளர்ந்து, பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலும் காலில்தான் வரும்.

ராஜஸ்தானில் ஒரு கிராமம்

ராஜஸ்தானில் ஒரு கிராமத்தை மனதில் நினைத்துப் பாருங்கள். அங்கே மழை குறைவு. வெயில் அதிகம். கோடை வந்தால் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விடும். அந்த ஊர்களில் முன்னோர்கள் படிக்கிணறு கட்டினார்கள். அந்த ஊர் மொழியில் அதற்குப் பாவ்டி என்று பெயர். குஜராத்தில் வாவ் என்பார்கள்.

நம் ஊர்க் கிணற்றில் வாளியைக் கயிற்றில் கட்டி இறைக்கிறோம். படிக்கிணற்றில் அப்படி இல்லை. மேலிருந்து தண்ணீர் வரை கல் படிகள் இருக்கும். தண்ணீர் கீழே போகப் போக, மக்களும் படியில் இறங்கிப் போவார்கள். ராஜஸ்தானில் ஆபாநேரி என்ற ஊரில் ஒரு பெரிய படிக்கிணறு இருக்கிறது. அதில் சுமார் 3,500 படிகள் உண்டு. குஜராத்தில் பாட்டன் ஊரில் உள்ள ராணி கட்டிய படிக்கிணறு உலகப் பாரம்பரியச் சின்னமாக 2014-இல் அறிவிக்கப்பட்டது. கல்லும் உளியும் கொண்டு செய்த பெரிய வேலை அது. கட்டியவர்களின் அறிவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. தண்ணீர் எடுப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டும். கடைசிப் படியில் நின்றால் தண்ணீர் கணுக்கால் வரை இருக்கும். சில நாளில் முழங்கால் வரை இருக்கும். குடத்தை அமுக்கி நிரப்ப வேண்டும்.

அந்த ஊரில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கணுக்காலில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. நெருப்புப் பட்டது போல எரிகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறாள். படி இறங்கிக் காலைத் தண்ணீரில் வைக்கிறாள். அப்பாடா! குளிர்ச்சியாக இருக்கிறது. எரிச்சல் கொஞ்சம் அடங்குகிறது.

அந்த நேரத்தில்தான் கொப்புளம் உடைகிறது. உள்ளே இருந்த புழு தலையை நீட்டுகிறது. பால் போன்ற ஒரு திரவத்தைத் தண்ணீரில் கக்குகிறது. அதில் லட்சக்கணக்கான குட்டிப் புழுக்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது. அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவளைத் தொடர்ந்து ஊரே வந்து தண்ணீர் எடுக்கிறது.

புழு வந்த வழி

அந்தக் குட்டிப் புழு நேராக மனிதரைத் தாக்காது. முதலில் அதற்கு ஒரு வாகனம் வேண்டும். தேங்கிய தண்ணீரில் மிகச் சிறிய நீர்ப்பூச்சி உண்டு. அதன் பெயர் சைக்ளாப்ஸ். எள்ளை விடச் சிறியது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் துள்ளும் புள்ளி போலத் தெரியும். இந்தப் பூச்சி குட்டிப் புழுவைத் தின்றுவிடுகிறது. பூச்சியின் வயிற்றில் புழு சாவதில்லை. சுமார் இரண்டு வாரம் வளர்கிறது.

பிறகு யாரோ ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். பூச்சியும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. பூச்சி செத்துவிடும். புழு பிழைத்துக்கொள்ளும். குடலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். சுமார் ஒரு வருடம் எந்த வலியும் இருக்காது. அதற்குப் பிறகு ஒரு நாள் காலில் கொப்புளம் வரும்.

இன்று காலில் வந்த நோய்க்குக் காரணம் போன வருடம் குடித்த தண்ணீர். ஒரு வருடம் இடைவெளி! அதனால்தான் மக்களுக்குக் காரணம் புரியவில்லை. தெய்வக் குற்றம் என்று நினைத்தவர்கள் உண்டு. உடம்பில் தானாகவே ஊறும் நரம்பு என்று நினைத்தவர்களும் உண்டு. தண்ணீர் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வலியும் நஷ்டமும்

வெளியே வந்த புழுவை ஒரே இழுப்பில் எடுக்க முடியாது. அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு சிறு குச்சியில் புழுவின் நுனியைச் சுற்றுவார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுப்பார்கள். முழுப் புழுவும் வெளியே வரப் பல வாரம் ஆகும்.

அதுவரை நடக்க முடியாது. ஏர் பிடிக்க முடியாது. களை எடுக்க முடியாது. பல ஊர்களில் விதைப்புக் காலத்திலேயே இந்த நோய் வந்து விழும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. தாய் படுத்தால் மகள்தான் குடம் தூக்கிப் போவாள். ஒரு முறை வந்துபோனால் இனி வராது என்பதும் இல்லை. அதே தண்ணீரைக் குடித்தால் அடுத்த வருடமும் வரும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று புழு வந்ததும் உண்டு.

இந்த நோய் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு வருட விளைச்சலைக் கொன்றுவிடும்.

சங்கிலியை அறுத்தார்கள்

1980-களில் இந்திய அரசு இந்த நோயை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. அப்போது 7 மாநிலங்களில் இந்த நோய் இருந்தது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு ஆகியவை அந்த 7 மாநிலங்கள். 1984-இல் கணக்கெடுத்தார்கள். 12,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 40,000 பேருக்கு நோய் இருந்தது.

மருந்து இல்லாத நோயை எப்படி ஒழிப்பது? புழுவின் வழியைப் பாருங்கள். காலிலிருந்து தண்ணீர். தண்ணீரிலிருந்து பூச்சி. பூச்சியிலிருந்து வயிறு. வயிற்றிலிருந்து மறுபடியும் கால். இது ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலும் போதும். அவர்கள் ஒவ்வொரு கண்ணியையும் அறுத்தார்கள்.

முதலில், வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடினார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். "கிணற்றில் இறங்காதீர்கள், குளத்தில் கால் வைக்காதீர்கள்" என்று சொன்னார்கள். அந்த வீட்டுக்கு வேறு ஒருவர் தண்ணீர் எடுத்துத் தர ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இரண்டாவது, தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். பூச்சி சிறியதுதான். ஆனால் நெருக்கமான இழை உள்ள துணியைத் தாண்டி அதனால் வர முடியாது. குடத்தின் வாயில் துணியைக் கட்டி வடிகட்டினால் பூச்சி துணியில் தங்கிவிடும். காசு செலவு இல்லாத மருந்து அது.

மூன்றாவது, படிக்கிணற்றில் பூச்சி மருந்து போட்டார்கள். அதன் பெயர் டெமிஃபாஸ். சரியான அளவில் போட்டால் பூச்சி மட்டும் சாகும். மனிதருக்குக் கெடுதல் வராது.

நான்காவது, படியை அடைத்தார்கள். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். ராட்டினமும் கயிறும் போட்டார்கள். அதற்குப் பிறகு வாளி மட்டும் இறங்கியது. கால் இறங்கவில்லை.

ஐந்தாவது, ஆழ்குழாய் தோண்டி அடிபம்பு வைத்தார்கள். இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பம்பைக் கோயம்புத்தூர்ப் பக்கம் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1970-களின் கடைசியில் சென்னையில் ஒரு தொழிற்சாலை அதைச் செய்யத் தொடங்கியது. பிறகு அது இந்தியா முழுவதும் போனது. வெளிநாடுகளுக்கும் போனது.

பம்பு வைத்தால் மட்டும் போதுமா? பழுது பார்க்க ஆள் வேண்டுமே! பம்பு கெட்டால் மக்கள் மறுபடியும் படிக்கிணற்றுக்குத்தான் போவார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர், பன்ஸ்வாரா, டூங்கர்பூர் பகுதியில் கிராமத்துப் பெண்களுக்கே அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். முக்காடு போட்ட பெண்கள் ஸ்பேனர் பிடித்தார்கள். குழாயைத் தூக்கி வாஷர் மாற்றினார்கள். தண்ணீர் இல்லாத கஷ்டம் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் பம்பு கெட்டதும் முதலில் ஓடி வந்ததும் அவள்தான்.

ஊர் உடனே ஒப்புக்கொண்டதா?

இல்லை. பரம்பரையாகக் குடித்த கிணறு அது. பல ஊர்களில் படிக்கிணறு கோயில் போல. படியை அடைப்பதா என்று கேட்டார்கள். அடிபம்புத் தண்ணீரில் கிணற்றுத் தண்ணீரின் ருசி இல்லை என்றார்கள். இதில் தவறு சொல்ல முடியாது. பழகிய தண்ணீர் தாய்வீடு மாதிரி.

உத்தரவு போட்டால் மனம் மாறாது. கண்ணால் பார்த்தால்தான் மாறும். கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் காட்டினால் போதும். துள்ளும் புள்ளிகள் தெரியும். அதே தண்ணீரைத் துணியில் வடிகட்டி மறுபடி காட்டினால் புள்ளி இருக்காது. இதற்கு மேல் யாரும் நீண்ட பேச்சுப் பேச வேண்டியதில்லை.

நோய் குறையத் தொடங்கியது. தமிழ்நாடு 1980-களிலேயே விடுபட்டது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக விடுபட்டன. கடைசி நோயாளி ராஜஸ்தானில் ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்தார். அது 1996 ஜூலை மாதம். அதற்குப் பிறகும் தேடுவதை விடவில்லை. நோயாளியைப் பற்றித் தகவல் தருபவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். மூன்று வருடம் தேடியும் ஒருவர் கூட இல்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது.

உலகத்தில் மற்ற நாடுகளிலும் இதே வழியில் வேலை நடந்தது. 1980-களின் நடுவில் ஒரு வருடத்தில் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. 2024-இல் உலகம் முழுவதும் 15 பேருக்குத்தான் வந்தது. அவர்கள் ஆப்பிரிக்காவில் சாட், தெற்கு சூடான் என்ற இரண்டு நாடுகளில் இருந்தவர்கள்.

இந்தக் கதை இன்று எதற்கு?

நரம்புச் சிலந்தி போய்விட்டது. ஆனால் தண்ணீரில் வரும் மற்ற நோய்கள் போகவில்லை. வாந்தி பேதி, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இருக்கின்றன. இவற்றின் சங்கிலியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். நரம்புச் சிலந்தி காலிலிருந்து தண்ணீருக்குப் போனது. இந்த நோய்கள் மலத்திலிருந்து தண்ணீருக்குப் போகின்றன. அங்கிருந்து வாய்க்கு வருகின்றன. இந்தச் சங்கிலியையும் நாம்தான் அறுக்க வேண்டும்.

எங்கே அறுப்பது? தண்ணீர் கிடைக்கும் இடத்தில், வரும் வழியில், வீட்டில். மூன்று இடத்தையும் பார்ப்போம்.

கிணறு என்றால்: சுற்றிலும் கைப்பிடிச் சுவர் வேண்டும். சிமெண்டு மேடை வேண்டும். சிந்திய தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள் போகாமல் வாய்க்கால் வேண்டும். வாளியும் கயிறும் பொதுவாக ஒன்றே இருப்பது நல்லது. ஆளுக்கு ஒரு வாளி என்றால் ஒவ்வொரு வீட்டு அழுக்கும் உள்ளே போகும். கழிப்பறைக் குழியும் மாட்டுக் கொட்டகையும் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். எவ்வளவு போடுவது? இதோ ஒரு கணக்கு. கணக்குப் படித்தது இதற்குத்தானே! வட்டக் கிணற்றின் அகலம் 2 மீட்டர். தண்ணீரின் ஆழம் 3 மீட்டர். அகலத்தை அகலத்தால் பெருக்கினால் 4. அதை ஆழத்தால் பெருக்கினால் 12. அதை 785-ஆல் பெருக்கினால் 9,420. கிணற்றில் அத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். அப்படியானால் இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அளவு கூடும். கிராமச் சுகாதார செவிலியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவுடரை ஒரு வாளியில் கரைத்து வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி நன்றாக அலசுங்கள். பிறகு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. இரவில் போட்டால் வசதி.

அடிபம்பு என்றால்: மேடை உடையக் கூடாது. பம்படியில் தண்ணீர் தேங்கக் கூடாது. அங்கே மாடு கழுவக் கூடாது. வெடிப்பு வழியாக அழுக்குத் தண்ணீர் கீழே இறங்கினால் பம்புத் தண்ணீரும் கெடும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கத் தெளிவாக இருக்கும் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர் அல்ல. மேற்கு வங்காளத்தில் அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1983-இல் தெரிய வந்தது. அது மண்ணுக்குள்ளிருந்தே தண்ணீரில் கலக்கிறது. ராஜஸ்தான், ஆந்திரா, தெலுங்கானா, தமிழ்நாட்டில் தர்மபுரி போன்ற இடங்களில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். அது பல்லில் பழுப்புக் கறை போடும். பல வருடம் குடித்தால் எலும்பையே வளைக்கும். கொதிக்க வைத்தாலும் இவை போகாது. பிளீச்சிங் பவுடருக்கும் போகாது. சோதனை செய்து பார்த்து, வேறு தண்ணீருக்கு மாறுவது அல்லது அதற்கென்று உள்ள வடிகட்டியைப் பயன்படுத்துவதுதான் வழி.

குழாய் என்றால்: ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கியது. இப்போது 15 கோடிக்கும் மேற்பட்ட கிராம வீடுகளில் குழாய் இணைப்பு இருக்கிறது. குழாய் வந்துவிட்டால் கவலை இல்லை என்று நினைக்கக் கூடாது. குழாய் சாக்கடை ஓரமாகப் போகிறதா? எங்காவது ஒழுகுகிறதா? ஒழுகும் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகும். தண்ணீர் நின்ற நேரத்தில் சாக்கடை உள்ளே வரும். மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதினால் நாம் படிப்போம் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனை செய்யக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? ஊராட்சியில் கேளுங்கள்.

வீட்டில்: நல்ல தண்ணீரை நாமே கெடுத்துவிடக் கூடாது. குடத்தைத் தினமும் கழுவி, மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள். நீளமான பிடி வைத்த கரண்டியால் எடுங்கள். கலங்கல் தண்ணீரை நான்காக மடித்த துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடியுங்கள். வடிகட்டினால் பெரிய அழுக்கும் பூச்சியும்தான் போகும். கிருமி சாகக் கொதிக்க வேண்டும்.

முடிவாக

அந்தத் தாயை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அவள் கெட்டவள் அல்ல. கால் எரிந்தது, தண்ணீரில் வைத்தாள். அவளுக்குக் காரணம் தெரியாது. அவளை ஊரை விட்டுத் தள்ளி வைத்திருந்தால் நோய் போயிருக்காது. நோயை மறைத்துக்கொண்டு இரவில் கிணற்றுக்கு வந்திருப்பாள். காலுக்குக் கட்டுப் போட்டு, அவள் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நோய் போகும். அப்படித்தான் போனது.

தண்ணீர் ஒரு வீட்டுச் சொத்து அல்ல. ஒரு வீட்டார் மட்டும் சுத்தமாக இருந்து தப்பிக்க முடியாது. கிணறு எல்லோருக்கும் பொது. காவலும் எல்லோருக்கும் பொது.



கலந்து பேசுங்கள்

1. நம் ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? எத்தனை கிணறு, எத்தனை அடிபம்பு, எத்தனை குழாய்? எழுதுங்கள்.
2. அவற்றில் எதன் அருகே சாக்கடை, கழிப்பறைக் குழி, குப்பைமேடு இருக்கிறது?
3. நம் ஊர்த் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? அதன் முடிவு எங்கே இருக்கிறது?
4. நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது நரம்புச் சிலந்தியைப் பார்த்திருக்கிறார்களா? கேட்டு எழுதுங்கள்.
5. அடுத்த கிராம சபையில் தண்ணீரைப் பற்றி என்ன கேட்கலாம்? நான்கு வரி மனுவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.